தமிழ் வரைகதை நூல்களின் இணைய ஏலம்

தமிழ் வரைகதை நூல்களின் இணைய ஏலம் என்பது, அச்சில் இல்லாத பழைய தமிழ்ப் படக்கதை இதழ்களை இணையத்தின் வழியாகப் போட்டி விலை கேட்டு வாங்குவதையும் விற்பதையும் குறிக்கும். பேச்சு வழக்கில் காமிக்ஸ் எனப்படும் இவ்விதழ்கள், வெளிவந்த காலத்தில் ஒன்றிரண்டு ரூபாய்க்கு விற்கப்பட்டவை. படித்து முடித்தபின் பெரும்பாலானவை எடைக்குப் போடப்பட்டன. எஞ்சிய படிகள் குறைவாக இருப்பதே இன்று அவற்றிற்குக் கிடைக்கும் விலைக்கு முதற் காரணம் ஆகும்.

அமெரிக்க வரைகதைகளுக்கு ஆண்டுதோறும் வெளியாகும் விலைக் கையேடும், இதழ்களின் நிலையை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் நிறுவனங்களும் உள்ளன. தமிழ் வரைகதைகளுக்கு இவ்விரண்டும் இல்லை. இதனால், விற்பவர் தரும் விவரிப்பின் நேர்மையும் வாங்குபவரின் நிதானமுமே இங்கு விலையைத் தீர்மானிக்கின்றன. விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களிலிருந்து இவ்வேலங்களில் பங்குகொள்வோருக்கு அமையும் வசதிகளும் இடர்களும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

ஏலத்திற்கு வரும் இதழ்கள்

தமிழில் சேகரிப்போர் பெரிதும் நாடும் இதழ்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

முத்து காமிக்ஸ்: சிவகாசியிலிருந்து 1972 ஆம் ஆண்டு முதல் வெளிவருவது. இதன் முதல் இதழ் "இரும்புக்கை மாயாவி". இது பிரித்தானியாவின் வேலியண்ட் வார இதழில் 1962 இல் தொடங்கிய தொடரின் தமிழாக்கம் ஆகும். 1970களில் வெளிவந்த முத்து காமிக்ஸ் இதழ்கள் ஏலங்களில் கடும் போட்டிக்கு உள்ளாகின்றன.

லயன் காமிக்ஸ்: முத்து காமிக்ஸின் குடும்பத்தினரால் 1984 சூலையில் தொடங்கப்பட்டது. முதல் இதழ் "கத்தி முனையில் மாடஸ்டி". ஸ்பைடர், டெக்ஸ் வில்லர் முதலிய நாயகர்களைத் தமிழ் வாசகர்களிடையே பரவச் செய்தது இவ்விதழே. இதே நிறுவனம் 1980களில் வெளியிட்ட திகில் காமிக்ஸ், மினி லயன், ஜூனியர் லயன் ஆகியவை நீண்டகாலம் நீடிக்கவில்லை. ஆகவே அவற்றைத் தேடுவோர் அதிகம்.

ராணி காமிக்ஸ்: தினத்தந்தி குழுமத்தின் வெளியீடு. இதுவும் 1984 சூலையில் தொடங்கியது. முதல் இதழான "அழகியைத் தேடி" ஒரு ஜேம்ஸ் பாண்ட் கதை. இவ்விதழ் 2005 இல் நின்றுபோனது.

இந்திரஜால் காமிக்ஸ்: டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 இல் தொடங்கி 1990 வரை வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பே எண்ணிக்கையில் மிகுதி. தமிழ்ப் பதிப்புகள் அரிதாகவே விற்பனைக்கு வருகின்றன.

பிற: அமர சித்திரக் கதையின் தமிழ்ப் பதிப்புகள், குமுதம் நிறுவனத்தின் மாலைமதி காமிக்ஸ், வாண்டுமாமாவின் படக்கதைகள், பூந்தளிர் இதழ்கள், வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டடம் செய்யப்பட்ட தொடர்கள் ஆகியவை இதில் அடங்கும்.

இணைய ஏலத்தின் வரலாறு

ஈபே நிறுவனம் 1995 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. வரைகதை இதழ்களும் அதில் விரைவில் இடம்பெற்றன. சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய 1938 ஆம் ஆண்டு ஆக்சன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு படி, 2014 இல் ஈபே ஏலத்தில் 32 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. வெளிவந்தபோது அதன் விலை 10 சென்ட் மட்டுமே.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டு பாசி.காம் என்னும் ஏலத்தளம் தொடங்கப்பட்டது. 2004 இல் ஈபே இதனை வாங்கி, ஈபே இந்தியா எனப் பெயர் மாற்றியது. இத்தளத்தில் இருந்த பைசாபே என்னும் வசதி குறிப்பிடத்தக்கது. வாங்குபவர் செலுத்தும் பணம் உடனே விற்பவரைச் சென்றடையாது. பொருள் அனுப்பப்பட்டு வாங்குபவரிடம் சேரும் வரை தளமே அதனை வைத்திருந்து, பின்னரே விற்பவருக்கு வழங்கும். முன்பின் அறியாத இருவர் தொலைவிலிருந்து வணிகம் செய்வதற்கு இந்த இடைநிலைக் காப்பு பெரிதும் துணை நின்றது.

2017 இல் ஈபே இந்தியாவை ஃபிளிப்கார்ட் கையேற்றது. 2018 ஆகத்து 14 அன்று அத்தளம் மூடப்பட்டது. அதன்பின் தமிழ் வரைகதை ஏலங்கள் பெரும்பாலும் சமூக வலைத்தளக் குழுக்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடைபெறுகின்றன. பணம் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற இடைமுகமான யுபிஐ வழியே செலுத்தப்படுகின்றது. யுபிஐ 2016 இல் அறிமுகமானது. அது நொடியில் பணத்தைச் சேர்ப்பிக்குமே தவிர, பொருள் வந்து சேரும் வரை பணத்தை நிறுத்தி வைப்பதில்லை. தளம் ஏற்றிருந்த பொறுப்பு இவ்வாறு தனிமனிதர்களின் மீது வந்து சேர்ந்துள்ளது.

ஏலம் நடைபெறும் முறை

ஏலத்தளங்களில் பரவலாகக் காணப்படுவது பதிலி ஏலமுறை ஆகும். இதில் விலை கேட்பவர் தாம் தரக்கூடிய உச்ச விலையை மட்டும் தளத்தில் பதிகின்றார். அவ்விலை பிறருக்குக் காட்டப்படுவதில்லை. அடுத்த போட்டியாளரை முந்துவதற்குத் தேவையான அளவு மட்டுமே தளம் அவருக்காக விலையை உயர்த்திக்கொண்டு செல்லும்.

எடுத்துக்காட்டாக, திண்டிவனத்தில் உள்ள ஒருவர் 1980களில் வெளிவந்த இதழ் ஒன்றை 100 ரூபாய்த் தொடக்க விலையில் ஏலத்தில் வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் விலை 25 ரூபாய் உயரும். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் உச்ச விலையாக 500 ரூபாயையும், விழுப்புரத்திலிருந்து ஒருவர் 650 ரூபாயையும் பதிகின்றனர். இப்போது தளத்தில் தெரியும் விலை 525 ரூபாய் மட்டுமே. அந்நிலையில் ஏலம் முடிந்தால் விழுப்புரத்துக்காரர் 525 ரூபாய் செலுத்தினால் போதும். தாம் எழுதிய 650 ரூபாயை அவர் தரவேண்டியதில்லை.

ஏலம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது மூன்றாமவர் ஒருவர் 600 ரூபாய் கேட்பதாகக் கொண்டால், விலை 625 ரூபாய் ஆகும். அப்போதும் இதழ் விழுப்புரத்துக்காரருக்கே உரியது. மாறாக, பின்னர் உயர்த்திக்கொள்ளலாம் என்று கருதி அவர் தம் உச்ச விலையை 525 ரூபாய் என்று மட்டும் பதிந்திருந்தால், மூன்றாமவர் 550 ரூபாய்க்கு இதழைப் பெற்றிருப்பார். தமது உண்மையான உச்ச விலையை ஒரே முறையில் பதிவதே இம்முறையில் நன்மை தரும். இரண்டாம் விலையைச் சார்ந்து அமையும் இத்தகைய ஏலத்தின் பண்புகளைப் பொருளியலாளர் வில்லியம் விக்கிரி 1961 இல் ஆராய்ந்து விளக்கினார். அவர் 1996 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

இறுதி நொடிகளில் விலை கேட்கும் வழக்கம் ஏலம் முடியும் முறையைச் சார்ந்தது. ஈபேயில் ஏலம் குறித்த நேரத்தில் கண்டிப்பாக முடிவடையும். அமேசான் முன்னர் நடத்திய ஏலங்களில், இறுதியில் எவரேனும் விலை கேட்டால் நேரம் நீட்டிக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆல்வின் ரோத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்சு ஆகியோர், நேரம் கண்டிப்பாக முடியும் ஏலங்களிலேயே கடைசி நேர விலை கேட்பு மிகுந்திருப்பதை 2002 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். குழுக்களில் நடைபெறும் ஏலங்களில் நேர நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை நடத்துபவரே முடிவு செய்கின்றார். விலை கேட்கும் முன் இதனை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

குழு ஏலங்களில் பதிலி வசதி இல்லை. கேட்கும் விலை அனைவருக்கும் தெரியும். வெல்பவர் தாம் கடைசியாகக் கேட்ட விலையையே செலுத்த வேண்டும். ஆகவே இங்குத் தொடக்கத்திலேயே உச்ச விலையைக் கூறிவிடுதல் நன்மை தராது. குறித்துக்கொண்ட எல்லைக்குள் சிறிது சிறிதாக உயர்த்துவதே பொருத்தமானது.

விலையைத் தீர்மானிக்கும் காரணிகள்

எஞ்சிய படிகள்

ஓர் இதழ் பழையது என்பதாலேயே விலை உயர்ந்துவிடுவதில்லை. தினத்தந்தியின் முகவர்கள் வழியே சிற்றூர்களுக்கும் சென்ற ராணி காமிக்ஸ் இதழ்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அதே ஆண்டுகளில் குறைவாக வெளிவந்த வேறு இதழ்கள் கிடைப்பதில்லை. முதல் இதழ், ஆண்டு மலர், தீபாவளி மலர் போன்றவற்றிற்குத் தனி மதிப்பு உண்டு. தொடர்கதையின் நடுவில் உள்ள ஓர் இதழ் மட்டும் இல்லாத சேகரிப்பாளர், அதற்குப் பிறரைவிட மிகுந்த விலை தர முன்வருவார்.

இதழின் நிலை

அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம் வரைகதைகளுக்கு 10 புள்ளிகள் வரையிலான அளவுகோலில் மதிப்பெண் இட்டு, அவற்றை நெகிழிப் பேழையில் மூடித் தருகின்றது. தமிழ் ஏலங்களில் "நல்ல நிலை", "சுமாரான நிலை" போன்ற சொற்களே வழங்குகின்றன. இவற்றின் பொருள் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆகவே, குறைகளைத் தனித்தனியே கூறுதலே தெளிவானது. அட்டை கிழிசல், முதுகுப் பகுதியின் உடைவு, கம்பியின் துரு, நீர்க்கறை, பூச்சி அரிப்பு, பேனாவால் எழுதப்பட்ட பெயர், வாடகை நூல் நிலைய முத்திரை, ஒட்டுத்தாள் ஒட்டிய தடம் ஆகியவை வழக்கமாகக் காணப்படும் குறைகள்.

பல இதழ்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டடம் செய்யும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. இதனால் தாள்கள் சிதறாமல் காக்கப்பட்டன. எனினும் கட்டடம் செய்யும்போது ஓரங்கள் வெட்டப்படுவதாலும், சில வேளைகளில் அட்டைகள் நீக்கப்படுவதாலும், இத்தொகுதிகளில் உள்ள இதழ்களுக்குத் தனி இதழ்களின் விலை கிடைப்பதில்லை. அவற்றை மீண்டும் பிரித்து விற்க முயல்வது மேலும் சேதத்தையே உண்டாக்கும்.

முழுமை

நடுப்பக்கம் இல்லாத இதழ் தமிழ் ஏலங்களில் அடிக்கடி ஏற்படும் பிணக்கு ஆகும். கம்பி தைத்த இதழில் நடுத்தாள் எளிதில் கழன்றுவிடும். ஒரு தாள் போனால் நான்கு பக்கங்கள் போய்விடும். விற்பவர் பக்கங்களை எண்ணிப் பார்த்து "முழுமையானது" என்று எழுதுவதும், வாங்குபவர் அதனை முன்னரே கேட்டு எழுத்தில் பெறுவதும் இப்பிணக்கைத் தவிர்க்கும்.

முதற்பதிப்பும் மறுபதிப்பும்

புகழ்பெற்ற கதைகள் பல ஒன்றுக்கு மேற்பட்ட முறை அச்சாகியுள்ளன. லயன்-முத்து நிறுவனத்தின் காமிக்ஸ் கிளாசிக்ஸ் வெளியீடு பழைய கதைகளின் மறுபதிப்புகளுக்கென்றே அமைந்தது. 2010களின் நடுப்பகுதியிலும் இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ, ஸ்பைடர் கதைகள் மீண்டும் வெளிவந்தன. கதைத் தலைப்பை மட்டும் பார்த்து வாங்குவது ஏமாற்றத்தில் முடியலாம். வெளியீட்டு எண், விலை, ஆண்டு, அச்சகக் குறிப்பு உள்ள பக்கத்தின் ஒளிப்படமே இதற்குச் சான்றாகும்.

மறுபதிப்பினால் பழைய படியின் விலை குறைவதும் உண்டு. இரத்தப் படலம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ழான் வான் ஆம், வில்லியம் வான்சு ஆகியோர் 1984 இல் பெல்ஜியத்தில் தொடங்கிய "பதின்மூன்று" என்னும் எண்ணைப் பெயராகக் கொண்ட தொடரின் தமிழாக்கம் இது. இதன் 18 பாகங்களும் 2010 இல் கறுப்பு வெள்ளையில் ஒரே நூலாக 200 ரூபாய் விலையில் வெளியிடப்பட்டன. அது தீர்ந்துபோனபின் பழைய படிகள் அச்சிட்ட விலையைப் போலப் பன்மடங்கு விலைக்குக் கைமாறின. 2018 இல் அதே கதை முழு வண்ணத்தில் மீண்டும் வெளியானது. கதையைப் படிக்க மட்டும் விரும்பியவர்களுக்குப் பழைய நூல் அதன்பின் தேவைப்படவில்லை. பழைய நூலையே உடைமையாகக் கொள்ள விரும்பியவர்கள் மட்டும் எஞ்சினர். ஓர் ஏலத்தில் படிக்க விரும்புவோரின் தேவையும் சேகரிக்க விரும்புவோரின் தேவையும் கலந்தே இருக்கும் என்பதையும், மறுபதிப்பு வரும்போது முதல் வகையினர் விலகிவிடுவர் என்பதையும் இது காட்டுகின்றது. முதலீடு எனக் கருதிக் கடன் வாங்கி இதழ்களைச் சேர்ப்போர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

விழுப்புரம் தமிழகத்தின் முக்கியமான தொடர்வண்டிச் சந்திப்புகளுள் ஒன்று. சென்னை, திருச்சிராப்பள்ளி, காட்பாடி, புதுச்சேரி, மயிலாடுதுறை ஆகிய திசைகளில் இங்கிருந்து தடங்கள் பிரிகின்றன. திண்டிவனம் சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், புதுச்சேரிச் சாலை பிரியுமிடத்தில் உள்ளது. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 40 கி.மீ. தொலைவு உண்டு. 1993 இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான விழுப்புரம் மாவட்டத்தில் இரண்டும் அடங்கும்.

சென்னையில் மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகள் எனப் பழைய நூல்களுக்கென்று பெயர்பெற்ற இடங்கள் இருந்தன. அவற்றுள் மூர் மார்க்கெட் கட்டடம் 1985 இல் தீக்கிரையானது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற நகரங்களில் பழைய இதழ்கள் சென்று சேரும் இடம் பெரும்பாலும் பழைய தாள் வாங்கும் கடையே. அங்கு 1970களின் முத்து காமிக்ஸுக்கும் சென்ற மாத நாளிதழுக்கும் எடை ஒன்றே, விலையும் ஒன்றே. சில நாள்களில் அவை கட்டுகளாகக் கட்டப்பட்டுத் தாள் ஆலைக்குச் சென்றுவிடும்.

இணைய ஏலம் இந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. வீட்டைக் காலி செய்யும் ஒருவர், பரணிலிருந்து எடுத்த இதழ்களை எடைக்குப் போடுமுன் ஒளிப்படம் எடுத்து விலை அறிய இயலுகின்றது. மேற்கூறிய எடுத்துக்காட்டில் விற்பவர் திண்டிவனத்திலும் வாங்குபவர் விழுப்புரத்திலும் இருந்தனர். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தும், ஏலம் இல்லாவிடில் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இத்தகைய நேர்வுகளில் பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் போன்ற பொது இடத்தில் நேரில் சந்தித்து, இதழைப் புரட்டிப் பார்த்துப் பணம் தருவதே பாதுகாப்பானது. அஞ்சல் செலவும் மிச்சமாகும்.

இப்பகுதிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. கடற்கரையை ஒட்டிய இம்மாவட்டம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல்களுக்கு உள்ளாகின்றது. 2011 திசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தரையில் அட்டைப்பெட்டியில் வைக்கப்படும் தாள்களுக்கு இத்தகைய ஒரு நாள் போதும்.

விற்பவர் கவனிக்க வேண்டியவை

• முன் அட்டை, பின் அட்டை, முதுகு, வெளியீட்டு விவரப் பக்கம், நடுப்பக்கம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வேறு படியின் படத்தைப் பயன்படுத்தலாகாது.

• குறைகளை முதலிலேயே கூறுதல் நட்டம் அன்று. குறையைக் கண்டு திருப்பி அனுப்பப்படும் இதழுக்கு இரு வழி அஞ்சல் செலவும், பயணத்தில் மேலும் சேதமும் உண்டாகும்.

• அரிய இதழையும் எளிதில் கிடைக்கும் இதழ்களையும் ஒரே கட்டாக விற்கலாகாது. அரியதைத் தனியாகவும், மற்றவற்றைத் தொகுப்பாகவும் விற்பதே வழக்கம்.

• செலவுகளை முன்னரே கணக்கிடுதல் வேண்டும். 625 ரூபாய்க்கு விலைபோன இதழுக்குத் தளம் 10 விழுக்காடு கழிவு பெறுவதாகவும், பொதிவுக்கு 30 ரூபாய் ஆவதாகவும் கொண்டால், விற்பவர் கையில் நிற்பது 532 ரூபாய் 50 காசு. 60 ரூபாய்க்கு விலைபோகும் இதழில் இதே முறையில் 24 ரூபாயே மிஞ்சும்.

• ஒரே இதழின் பல படிகள் இருப்பின், அனைத்தையும் ஒரே நாளில் ஏலத்திற்கு விடுதல் விலையைக் குறைக்கும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

அதே இதழ் முன்னர் என்ன விலைக்கு விற்றது என்பதே பயனுள்ள விவரம். ஒருவர் கேட்கும் விலைக்கும் இதழ் விலைபோன விலைக்கும் வேறுபாடு மிகுதி. விற்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் இதழின் மீது குறிக்கப்பட்ட விலை எதற்கும் அளவாகாது.

பலர் போட்டியிடும் ஏலத்தில் வெல்பவர், அப்பொருளை மற்ற எல்லோரையும்விட உயர்வாக மதிப்பிட்டவர் ஆவார். அம்மதிப்பீடு தவறாக இருக்கும் வாய்ப்பும் அவருக்கே அதிகம். எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர் மூவர் 1971 இல் விளக்கிய இந்நிலை "வென்றவரின் சாபம்" எனப்படுகின்றது. சிறுவயதில் படித்துத் தொலைத்த இதழைத் திரும்பக் காணும்போது இந்நிலைக்கு ஆளாதல் எளிது. விலை கேட்கும் முன் உச்ச எல்லையைத் தாளில் எழுதிவைத்து அதனைக் கடவாதிருத்தல் நல்ல வழக்கம்.

மறுபதிப்பு வந்துள்ளதா, வரவிருப்பதாக அறிவிப்பு உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். கதையைப் படிப்பதே நோக்கம் எனில் மறுபதிப்பே போதுமானது.

பொதிதலும் அனுப்புதலும்

இதழை நெகிழி உறையில் இட்டு, இருபுறமும் இதழைவிடச் சற்றுப் பெரிய தடித்த அட்டைகளை வைத்து, அவற்றின் ஓரங்களை ஒட்டி அனுப்புதல் வேண்டும். ஒட்டுத்தாள் இதழின் மீது படலாகாது. சுருட்டி அனுப்புதல் முதுகை உடைத்துவிடும். மழைக்காலத்தில் வெளி உறையும் நீர் புகாததாக இருத்தல் நன்று.

இந்திய அஞ்சல் துறையில் நூல்களுக்கு நெடுங்காலம் இருந்துவந்த சலுகைக் கட்டண நூலஞ்சல் 2024 திசம்பரில் நிறுத்தப்பட்டது. 2025 மே 1 முதல் ஞான அஞ்சல் என்னும் சேவை தொடங்கப்பட்டது. இதில் 300 கிராம் வரை 20 ரூபாயும், 5 கிலோகிராம் வரை 100 ரூபாயும் வரி நீங்கலாகக் கட்டணம் என அறிவிக்கப்பட்டது. ஆயினும் விளம்பரம் தாங்கியவையும் வணிக நோக்குடைய வெளியீடுகளும் இச்சேவையில் ஏற்கப்படுவதில்லை. வரைகதை இதழ்கள் பலவற்றில் விளம்பரங்கள் இருப்பதால், ஏலத்தில் அஞ்சல் கட்டணத்தை அறிவிக்கும் முன் அஞ்சலகத்தில் கேட்டறிதல் வேண்டும். பதிவஞ்சல் 2025 இல் விரைவஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பதிவஞ்சல் கட்டணத்தைக் கணக்கில் கொண்டு விலை கூறுவோர் இதனால் கைப்பொருளை இழக்க நேரும்.

ஏமாற்று முறைகள்

போலி விலை கேட்பு: விற்பவரே வேறு பெயரிலோ நண்பர் வழியாகவோ விலையை உயர்த்துதல். ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் தோன்றி, எப்போதும் தோற்கும் பெயர்கள் இதற்கு அறிகுறி.

நகல் அச்சு: பழைய இதழை வருடி எடுத்து, வண்ண அச்சில் நகலெடுத்து அசல் என விற்றல். புதிய வெண்தாள், துருப்பிடிக்காத கம்பி, மடிப்புக் கோடும் கறையும் தாளில் இல்லாமல் அச்சாகவே காணப்படுதல் ஆகியவை நகலைக் காட்டிக்கொடுக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், அசலின் அட்டையில் ஒழுங்கான வரிசையில் அமைந்த வண்ணப் புள்ளிகள் தெரியும்.

பணம் பெற்று அனுப்பாமை: இடைநிலைக் காப்பு இல்லாத குழு ஏலங்களில் இது பேரிடர். இன்றைய தேதி எழுதிய தாளை இதழின் அருகில் வைத்து எடுத்த ஒளிப்படத்தைக் கேட்டல், முன்னர் வாங்கிய இருவரிடம் விசாரித்தல், முதல் முறை சிறு தொகைக்கு மட்டும் வாங்குதல் ஆகியவை வழக்கமான காப்புகள். பணம் பறிபோனால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் காலம் தாழ்த்தாது முறையிட வேண்டும். முறையீடு விரைவாக அமைந்தால், பணம் வேறு கணக்குகளுக்கு மாறுமுன் முடக்கும் வாய்ப்பு உண்டு.

சட்டநிலை

முறையாக வாங்கிய இதழை மீண்டும் விற்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 இன்படி குற்றம் அன்று. படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமை, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படிகளுக்குப் பொருந்தாது என அச்சட்டத்தின் 14 ஆம் பிரிவு கூறுகின்றது. ஆனால் இதழை வருடி மின்கோப்பாக விற்பதும், நகல் அச்சிட்டு விற்பதும் பதிப்புரிமை மீறலாகும். இதழ் அச்சில் இல்லை என்பதாலோ பதிப்பகம் மூடப்பட்டது என்பதாலோ உரிமை அற்றுப்போவதில்லை. கதையின் உரிமை பல வேளைகளில் வெளிநாட்டு நிறுவனங்களிடமே உள்ளது.

பாதுகாத்தல்

பெரும்பாலான இதழ்கள் மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் அச்சானவை. இத்தாளில் உள்ள லிக்னின் ஒளியாலும் காற்றாலும் சிதைந்து அமிலத்தன்மையை உண்டாக்குகின்றது. தாள் பழுப்பதும் நொறுங்குவதும் இதனாலேயே. இதனை நிறுத்த இயலாது, தாமதப்படுத்தலாம். பாலிப்புரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகள் ஏற்றவை. பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் ஒட்டிக்கொண்டு அட்டையைக் கெடுக்கும். மெல்லேடு ஒட்டுதலை மீண்டும் நீக்க முடியாது. ஆகையால் அது கூடாது. இரும்பு அலமாரியின் மேல் தட்டுகளில், சுவரை ஒட்டாது, செங்குத்தாக வைத்தல் நன்று. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் கறையானையும் வெள்ளிப்பூச்சியையும் தொடக்கத்திலேயே கண்டறியலாம். நனைந்த இதழ்களை வெயிலில் காயவைக்காது, நிழலில் காற்றோட்டத்தில், பக்கங்களுக்கிடையே உறிஞ்சு தாள் வைத்து உலர்த்த வேண்டும்.

விமர்சனங்களும் பொதுச் சேகரிப்பும்

ஏலங்கள் விலையை உயர்த்தி, எளிய வாசகர்களுக்கு எட்டாதவாறு செய்துவிட்டன என்னும் குறை கூறப்படுகின்றது. முன்னர் நண்பர்களிடையே பண்டமாற்றாகவும் இலவசமாகவும் கைமாறிய இதழ்கள் இப்போது பணத்திற்கே கைமாறுகின்றன என்பதும் உண்மையே. மறுபுறம், விலை உண்டு என்று தெரிந்ததால் எடைக்குச் செல்லாமல் தப்பிய இதழ்களும் உள்ளன.

1954 ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். எனினும் பெட்டிக்கடைகளில் விற்ற வரைகதைகளின் முழு வரிசைகள் பெரும்பாலும் தனியார் வீடுகளிலேயே உள்ளன. சேகரித்தவரின் மறைவுக்குப்பின் அவை என்ன ஆகும் என்பதே இத்துறையின் முக்கியமான வினா.

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், 1992 இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டன. அவை நாட்டைவிட்டு வெளியேறாது, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994 முதல் பேணப்படுகின்றன. அவற்றுள் பல, அச்சான காலத்தில் எவரும் பாதுகாக்கத் தக்கவை எனக் கருதாதவை. வரைகதைச் சேகரிப்பாளர்களும் தம்மிடம் உள்ள இதழ்களின் பெயர், வெளியீட்டு எண், ஆண்டு, நிலை ஆகியவற்றைப் பட்டியலிட்டு வீட்டினரிடம் தந்துவைத்தல் பயனுடையது. பட்டியல் உள்ள சேகரிப்பு ஏலத்திற்கோ நூலகத்திற்கோ செல்லும். பட்டியல் இல்லாத சேகரிப்பு பழைய தாள் கடையின் தராசுக்கே செல்லும்.